அரைவை இயந்திரம் நன்றாகத்தான் ஓடுகிறது. அதன் கீழே தொங்கும் குழாய்தான் தொல்லை

சிங்க்குக்கு அடியில் பொருத்தும் உணவுக்கழிவு அரைவை இயந்திரத்தின் விலை குறைந்திருப்பதைப் பார்த்த நண்பர் ஒருவர், "உங்கள் வீட்டில் பல வருடங்களாக இருக்கிறதே, வாங்கலாமா?" என்று கேட்டார். அடைப்பெடுக்க பிளம்பர் வந்துபோன வாரத்திலேயே கேட்டதால், என் பதில் சற்றுக் காரமாகவே இருக்கும்.

முதலில் இயந்திரத்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 1927-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் உருவாக்கிய இதன் உள்ளே, பலரும் நினைப்பதுபோல் கத்தி எதுவும் கிடையாது. சுழலும் தட்டின்மேல் உள்ள எஃகுக் கட்டைகள், சுற்றியுள்ள துருவல் வளையத்தில் கழிவை மோதவைத்துத் துகளாக்குகின்றன. மீந்த சோறு, காய்த்தோல், மீன்முள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டு இயந்திரம் சளைக்காமல் அரைக்கிறது. ஈரக் குப்பை இரவெல்லாம் கூடையில் கிடந்து நாறுவதும் ஈ மொய்ப்பதும் நின்றுபோனதற்காக அதை மனமாரப் பாராட்டுகிறேன். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ மடல், தேங்காய் நார் ஆகியவை விழுந்தால் மட்டும் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்தி, அடியிலுள்ள துளையில் ஆலன் கீ எனப்படும் அறுகோணச் சாவியை நுழைத்து இருபுறமும் திருப்பிச் சிக்கலை எடுத்தபின், ரீசெட் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும்.

என் கோபமெல்லாம் அதன் கீழே தொங்கும் நெளிநெளியான பிளாஸ்டிக் குழாயின்மீதுதான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாதனத்தைப் பொருத்த வந்தவர்கள், சாதாரண சிங்க்குக்குப் போடும் அந்த மலிவான குழாயையே மாட்டி, சுவரோரம் ஏறக்குறைய படுக்கைவாக்கில் இழுத்துவிட்டுப் போனார்கள். பிளம்பர் அதைக் கழற்றி வெட்டிக் காட்டியபோது, ஒவ்வொரு நெளிவின் பள்ளத்திலும் சாம்பல் நிறப் பசை விரல் கனத்துக்கு இறுகியிருந்தது; அரைபட்ட சோற்று மாவோடு நெய்யும் எண்ணெயும் சேர்ந்து, நடுவில் வெங்காயச் சருகும் புளிக்கோதும் பின்னிக் கிடந்தன. துகளாகிவிட்ட கழிவு தண்ணீரோடு தானே போய்விடும் என்ற விளம்பரப் பேச்சு, உட்புறம் வழவழப்பாகவும் அடிக்குக் கால் அங்குலமாவது சரிவாகவும் அமைந்த குழாய்க்கே பொருந்தும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால், எங்கள் கோவையில் மார்கழி பிறந்தாலே சிங்க்கில் தண்ணீர் தேங்கத் தொடங்கிவிடும்.

அடைப்பைக் கரைக்கும் எரிசோடாத் தூளைக் கடைக்காரர்கள் தயங்காமல் பரிந்துரைக்கிறார்கள். அது தண்ணீரில் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடேறி பிளாஸ்டிக்கைப் பதம் பார்க்கும். கொழுப்போடு சேர்ந்து சவர்க்காரக் கட்டியாக இறுகி, இன்னும் மோசமாக அடைத்துக்கொள்ளவும் கூடும். எங்களுக்குப் பலன் தந்தது, பாத்திரத்து எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுவதும், அரைத்து முடித்த பிறகும் குளிர்ந்த தண்ணீரைச் சற்று நேரம் ஓடவிடுவதும்தான். சிங்க் வாயிலுள்ள ரப்பர் மடிப்பின் அடிப்பக்கத்தையும் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இப்போது நெளிகுழாயை எடுத்துவிட்டு, வழவழப்பான பிவிசி குழாயும் நாற்றம் மேலே வராமல் தண்ணீரைத் தேக்கிவைக்கும் வளைகுழாயான முறையான பி-டிராப்பும் போட்டாகிவிட்டது. தண்ணீர் தடையின்றி இறங்குகிறது. ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் இருப்பது பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில்; எல்லா வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் ஒரே செங்குத்துக் குழாயில்தான் இறங்குகிறது. அந்தக் குழாய் அடைத்தால், அவர் அரைத்து அனுப்பியதெல்லாம் கீழ்வீட்டாரின் சிங்க்கில் பொங்கி நிற்கும். இந்த ஆபத்தை, இயந்திரத்தைப் பொருத்துபவர்களும் கவனிக்க மாட்டார்கள், விற்பவர்களும் சொல்ல மாட்டார்கள் என்பதால், எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் என் பதில் மாறாது. எங்கள் வீட்டு இயந்திரத்தைக் கழற்றும் எண்ணம் எனக்கு இல்லை.