மின்ட், உபுண்டு, ஃபெடோரா: வீட்டுக் கணினிக்கு எது?

லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற நினைப்பவர்கள் அதன் வகைகளான மின்ட், உபுண்டு, ஃபெடோராவில் ஒன்றைப் பெரும்பாலும் திரை அழகைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தீம், ஐகான் இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அப்டேட் எப்படி வருகிறது, வந்தது சொதப்பினால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்புவது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வகையில் எங்கள் தேர்வு லினக்ஸ் மின்ட், சின்னமன் என்ற டெஸ்க்டாப் கொண்ட பதிப்பு. உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. மெனு கீழே இடது மூலையில் இருப்பதால் விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. இதன் பெரிய பலம், கூடவே வரும் டைம்ஷிஃப்ட்: சிஸ்டத்தின் அந்த நேர நிலையை ‘ஸ்னாப்ஷாட்’ என்ற நகலாகச் சேமிக்கும் கருவி. முதல் ஸ்னாப்ஷாட் ஏறக்குறைய சிஸ்டம் அளவுக்கு இடம் பிடிக்கும். அடுத்தடுத்தவற்றுக்கு மாறிய கோப்புகளுக்கான இடம் போதும். அப்டேட்டுக்குப் பிறகு கணினி திறக்கவில்லையா? நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவில் பூட் செய்து, டைம்ஷிஃப்டைத் திறந்து, பழைய ஸ்னாப்ஷாட்டை ரீஸ்டோர் செய்தால் போதும். ஆனால் இது சிஸ்டம் கோப்புகளுக்கு மட்டும்தான். ஹோம் ஃபோல்டரில் உள்ள படங்களை இயல்பாக அது சேமிக்காது. அவற்றுக்கு வெளி வட்டில் தனி நகல் கட்டாயம் வேண்டும்.

ராம் 4 ஜிபிதான் என்றால் சின்னமனை விட்டு மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்குப் போங்கள். அந்த அளவு ராமில் உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப், நாலைந்து பிரவுசர் டேப் திறந்ததுமே திணறும்.

உபுண்டுவிலும் குறை சொல்லும்படி அதிகமில்லை, 24.04-க்கும் 2029 வரை ஆதரவு. ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர், சிஸ்டத்திலிருந்து பிரித்துவைத்து ஓட்டப்படும் ஸ்னாப் தொகுப்பு வடிவில் வருகிறது. புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டர்களில் உள்ள கோப்பை அதிலிருந்து அப்லோடு செய்ய முடியாமல் போவது இதனால்தான். மின்டில் ஸ்னாப் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது, பதிலுக்கு ஃபிளாட்பேக் என்ற வேறொரு தொகுப்பு வடிவம்.

ஃபெடோராவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் சுமார் 13 மாத ஆதரவு. ஆண்டுக்கு ஒருமுறையாவது பெரிய அப்கிரேடு செய்தே தீர வேண்டும். காப்புரிமைச் சிக்கலால் வீடியோவை ஓட்டத் தேவையான சில கோடெக்குகள் கூடவே வராது. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளி மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்துத்தான் நிறுவ வேண்டும். புதியவருக்கு இது வேண்டாத சுமை.

எதைப் போட்டாலும், விண்டோஸ் பக்கத்திலேயே இருக்கப்போகிறது என்றால் முதலில் விண்டோஸை முழுதாக மூடவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸால் எழுத முடியாது. விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் குறித்துவைத்த பிறகே வட்டில் கைவையுங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டும், கையொப்பமில்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட்டும் சேர்ந்திருந்தால், டிரைவர் நிறுவும்போது புதிதாக ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அடுத்த பூட்டில் நீலத் திரை வரும். சில நொடிகளுக்குள் ஏதாவதொரு விசையை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ தேர்ந்து, அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

நிறுவும் முன் 8 ஜிபி பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது நிறுவாமலேயே ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் சோதியுங்கள். லேப்டாப் மூடியைச் சாத்தித் திறந்து, தூக்க நிலையிலிருந்து சரியாக மீள்கிறதா என்றும் பாருங்கள். வைஃபை தெரியாவிட்டால் போனை யுஎஸ்பி வழியாக இணைத்து டெதரிங் மூலம் போனின் இணையத்தைக் கணினிக்குத் தந்து, நிறுவிய பின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பல சிப்களுக்கு டிரைவர் கிடைத்துவிடும். வாங்கிச் சில மாதமே ஆன லேப்டாப்பில் மின்டில் வராத வைஃபை ஃபெடோரா லைவில் வந்தால், காரணம் சிஸ்டத்தின் மையமான கெர்னலின் வயது: மின்டில் இருப்பது பழையது. அந்த ஒரு நிலையில் மட்டும் ஃபெடோராவையே போடுங்கள்.