118-ஐத் தொடாத இதயமும் இரண்டு வருட வாட்சும்

போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவர் கேட்டார், "ஏனுங்ணா, நீங்க கட்டியிருக்கற வாட்ச் இப்ப ஒம்பதாயிரத்துக்கு வந்திருக்குதுங்க, வாங்கிரலாமுங்களா?" நான் வாங்கியபோது 13,500 ரூபாய். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதே வாரம் அந்த ஸ்மார்ட் வாட்ச் நான்காவது முறையாக நான் போட்டுவைத்த செட்டிங்கை அழித்துவிட்டதால், நல்ல கோபத்திலும் இருந்தேன். இரண்டு வருடம் நான்கு மாதம் கையில் கட்டியிருக்கிறேன் என்பதால் விலாவாரியாகவே எழுதிவிடுகிறேன்.

திரை, எடை, தண்ணீர் தாங்குவது எல்லாம் கடைப் பக்கத்திலேயே இருக்கிறது. பேட்டரி இன்னும் எட்டு நாள் நிற்கிறது. அதிகாலை 5 மணிக்கு வீட்டில் யாரையும் எழுப்பாமல் மணிக்கட்டில் அதிர்ந்து என்னை மட்டும் எழுப்புகிறது, இதற்காகவே என் மனைவிக்கு இந்த வாட்சைப் பிடிக்கும். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம், உடற்பயிற்சி செய்யும்போது அது வைக்கும் இதயத்துடிப்பு இலக்கு.

எனக்கு வயது 52. வாட்ச் 220-இலிருந்து வயதைக் கழித்து 168 என்று என் உச்சத் துடிப்பை வைத்துக்கொள்கிறது. அதில் 70 சதவீதம், அதாவது 118-ஐத் தாண்டினால்தான் 'சுறுசுறுப்பு நிமிடம்' என்று கணக்கில் ஏற்றும். அதற்குக் கீழே எவ்வளவு வேகமாக நடந்தாலும் 'வார்ம்-அப்' தான். வாரத்துக்கு 150 நிமிடம் சேர்க்க வேண்டும் என்பது அதன் இலக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்புதான், அந்த அளவில் தப்பில்லை.

நான் கோவை ரேஸ் கோர்ஸில் வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 50 நிமிடம் நடக்கிறேன். கணக்குப் போட்டால் 300 நிமிடம். வாங்கிய முதல் ஒரு வருடத்துக்கும் மேல் எந்தப் பிரச்சினையும் இல்லை. நடக்கத் தொடங்கிய ஐந்து நிமிடத்தில் 118, 119, 120 என்று நிற்கும், பச்சை வட்டம் நிறையும், நானும் சந்தோஷமாக வீடு திரும்புவேன்.

அப்புறம் ரப்பர் பட்டை வெடித்து அறுந்தது. கம்பெனிப் பட்டை 1,400 ரூபாய், வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடையில் 250 ரூபாய்க்கு நைலான் பட்டை வாங்கி மாட்டினேன். பழைய பட்டையில் இரண்டு ஓட்டைக்கு நடுவில் ஒன்று எனக்குச் சரியாக இருந்திருக்கும், அது இல்லாததால் எப்போதும் ஒரு ஓட்டை தளர்வாகவே கட்டியிருந்தேன். நைலான் பட்டை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாள் காலை அதே பாதை, அதே வேகம், துடிப்பு 99. இருபதாவது நிமிடத்தில் 102. ஐம்பது நிமிடமும் முடிந்தபின் சுறுசுறுப்பு நிமிடம் பூஜ்ஜியம்.

வாட்ச் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன், நான்கு நாள் வைத்திருந்து சென்சார் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். நம்பவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன், 25 துடிப்பு. நான்கால் பெருக்கினால் 100. சைக்கிள் ஓட்டும் நண்பரிடம் மார்புப் பட்டை ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு நடந்தேன், 101. இதயத்தின் மின்துடிப்பை மார்பிலிருந்தே நேரடியாக எடுப்பது அது, பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே கம்பியில்லாமல் கொண்டுவந்த முறை. கையசைவு அதை அவ்வளவாகக் குழப்பாது.

ஆக, இப்போது காட்டுவதுதான் சரி. அப்படியானால் ஒரு வருடமாகக் காட்டிய 119?

அது என் காலடி. வாட்ச் அடியில் எரியும் பச்சை விளக்கு தோலுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, ரத்தம் ஏறி இறங்கும்போது திரும்பி வரும் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. பட்டை தளர்வாக இருந்தால் ஒவ்வோர் அடிக்கும் வாட்சும் சேர்ந்து குலுங்கும், வெளி வெளிச்சமும் உள்ளே புகும். அந்தக் குலுக்கலின் தாளம் ரத்தத்தின் தாளத்தைவிட பலமாகத் தெரிந்தால் சென்சார் அதைப் பிடித்துக்கொள்ளும். நான் வேகமாக நடக்கும்போது நிமிடத்துக்கு 118 முதல் 120 அடி வைக்கிறேன். வாட்சிலேயே பழைய பதிவுகளைத் திறந்து, அடிகளின் வரைபடத்தையும் துடிப்பின் வரைபடத்தையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒரே கோடு. டீக்கடையில் நின்ற இடத்தில் மட்டும் துடிப்பு 'சட்டென்று' 90-க்கு இறங்கியிருக்கிறது. அப்போதெல்லாம் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது, இதயம் நன்றாக இருக்கிறது என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

இதை நான் வாட்சின் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். தளர்வாகக் கட்டியது நான். கையில் கட்டும் எந்த வாட்சிலும் இது நடக்கலாம். மார்கழிக் குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறையும்போதும் இப்படித் தடுமாறும். இறுக்கிக் கட்டினால், நடையில் மார்புப் பட்டையோடு இரண்டு மூன்று துடிப்பு வித்தியாசத்தில் ஒத்துப்போகிறது. இந்த விலைக்கு அது நல்ல வேலை.

என் கோபம் அதன் பிறகு நடந்ததைப் பற்றியது. எனக்குப் பிபிக்கும் படபடப்புக்கும் சேர்த்து மெட்டோபுரோலால் 50 மில்லிகிராம் தருகிறார்கள், மூன்று வருடமாகப் போடுகிறேன். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. நாம் உழைக்கும்போது அட்ரினலின் இதயத்தைப் போய் 'வேகமாக அடி' என்று தூண்டும், அந்தத் தூண்டுதல் போய்ச் சேரும் இடத்தை இந்த மாத்திரை அடைத்துவைக்கிறது. அதனால் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது. ஏறாமல் இருப்பதற்காகத்தான் மாத்திரையே. இது எனக்கு அன்று தெரியாது. வாட்சுக்கும் தெரியாது. வயது கேட்டது, எடை கேட்டது, உயரம் கேட்டது, ஆணா பெண்ணா என்று கேட்டது, இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று ஒரு வரி கேட்கவில்லை. எத்தனை லட்சம் பேர் சாப்பிடுகிற மாத்திரை!

வாரக் கடைசியில் 'இந்த வாரம் 6 நிமிடம், இலக்கை எட்டவில்லை' என்று வரும். 300 நிமிடம் நடந்தவனுக்கு 6 நிமிடம். வேகத்தைக் கூட்டினேன், 106 வந்தது. ஓடிப் பார்த்தேன், 113-உடன் முழங்கால் வலியும் வந்தது. மூச்சு இரைக்கிறது, சட்டை நனைகிறது, வாட்ச் மட்டும் வார்ம்-அப் என்கிறது. என் இதயத்தில்தான் ஏதோ கோளாறு என்ற பயம் வந்து ராத்திரி தூக்கம் போனது.

அடுத்து நடந்ததைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் யாராவது ஒருவருக்காவது உதவும். மாத்திரைதான் காரணம் என்று எங்கோ படித்துவிட்டு, இரண்டு நாள் மாத்திரையை விட்டேன். மூன்றாம் நாள் காலை நடையில் 131. வாட்ச் அதிர்ந்தது, பட்டாசு மாதிரிப் படம் காட்டியது, 'அருமை, இலக்கை எட்டிவிட்டீர்கள்' என்றது. அன்று சாயங்காலம் தலை கனத்தது, பிபி 164/102. மனைவிதான் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?" பீட்டா பிளாக்கரைத் திடீரென்று நிறுத்தினால் பிபி எகிறலாம், நெஞ்சுவலி வரலாம், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம், குறைப்பதாக இருந்தாலும் படிப்படியாக டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். எனக்கு அத்தோடு போயிற்று.

இரண்டு வாரம் கழித்து டிஎம்டி எடுத்தார்கள், டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈசிஜி பார்க்கும் சோதனை. நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை என்றால் சில சமயம் இந்த மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்களாம், எனக்கு அப்படி இல்லை, மாத்திரை போட்டபடியே எவ்வளவு போகிறது என்று பார்க்கத்தான் செய்தார்கள். மூன்று மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும் புரூஸ் முறை. மூன்றாவது கட்டத்தில் இனி முடியாது என்று நிறுத்தச் சொன்னபோது துடிப்பு 128. ஈசிஜியில் பயப்பட ஒன்றுமில்லை. டாக்டர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: என் உச்சம் 168 இல்லை, 128. ஓய்வில் 58. நடுவில் இருப்பது 70. அதில் பாதியை ஓய்வுத் துடிப்போடு கூட்டினால் 93, எழுபது சதவீதத்தைக் கூட்டினால் 107. "இதுதான் உங்க இலக்கு, 93-லிருந்து 107, நீங்க ஏற்கெனவே அங்கதான் நடந்துட்டிருக்கீங்க." இந்தக் கணக்கு முறை கார்வோனென் என்ற பின்லாந்துக்காரர் 1957-இல் வெளியிட்டது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து மாதம் நான் சோம்பேறி என்று ஒரு கருவி சொல்லிக்கொண்டே இருந்தது, நானும் நம்பியிருந்தேன்.

அப்புறம்தான் 220 கழித்தல் வயது எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கல் என்ற இருவர், ஏற்கெனவே வெளியான பல ஆய்வுகளின் எண்களை ஒன்றாக வைத்துப் பார்த்து, நடுவில் போகிற ஒரு தோராயக் கோடாகச் சொன்னது. ஒவ்வொரு ஆளுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லை. மாத்திரை ஏதும் சாப்பிடாத, ஒரே வயதுக்காரர்களிடையேகூட உச்சத் துடிப்பு 10, 12 கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். 2001-இல் தனாகா என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் சொன்ன புதிய கணக்கு 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது, அதன்படி எனக்கு 172, இன்னும் எட்டாத உயரம். எந்தச் சூத்திரம் போட்டாலும் மாத்திரை அதில் இல்லை.

வாட்சில் உச்சத் துடிப்பை நாமே மாற்ற ஓர் இடம் இருக்கிறது, ஆறு பக்கம் உள்ளே. 128 என்று போட்டேன். அதுவும் 70 சதவீதம்தான் பார்க்கும், ஓய்வுத் துடிப்பைக் கணக்கில் சேர்க்காது, அதனால் எல்லை 90 ஆனது. டாக்டர் சொன்ன 93-க்குக் கொஞ்சம் கீழே, பரவாயில்லை, எனக்கு அது போதும். வாரத்துக்கு 280 நிமிடம் ஏறத் தொடங்கியது. ஆனால் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் பிறகு தானாக 168-க்குத் திரும்பிவிடுகிறது! இதுவரை நான்கு முறை. சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால், "வயசைக் கூட்டிப் போட்டுக்குங்க சார், சரியாயிரும்" என்றார் அந்தப் பையன். 128 வர வேண்டுமென்றால் எனக்கு 92 வயது என்று போட வேண்டும். அப்படிப் போட்டால் கலோரி, தூக்கம், மற்ற எல்லாக் கணக்கும் 92 வயதுக்காரருடையதாகிவிடும். அந்தப் பையன் மேல் கோபமில்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

நான்காவது அப்டேட் போன சனிக்கிழமை ராத்திரி. எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை மருதமலை படி ஏறினேன். ரேஸ் கோர்ஸ் மாதிரிச் சமதளம் இல்லை, பாதியிலேயே வாய் திறந்து பேச முடியவில்லை, கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றேன், துடிப்பு 109. என் கணக்கில் அது எல்லை தாண்டிய உழைப்பு. கையில் அதிர்வு, 'வேகத்தைக் கூட்டவும்'. கழற்றிப் பையில் போட்டுவிட்டு மெதுவாக ஏறிப்போய்ச் சாமி கும்பிட்டேன்.

இப்போது நடக்கும்போது நான் திரையைப் பார்ப்பதே குறைவு. டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று, பக்கத்தில் நடப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. மனைவியோடு நடப்பதால் இது சுலபம், நான் முழு வாக்கியம் பேசாமல் 'ம்' மட்டும் கொட்டினால் அவரே வேகத்தைக் குறைத்துவிடுவார். இன்னொன்று, சுவீடனின் குன்னர் போர்க் உருவாக்கிய அளவுகோல், 6-இலிருந்து 20 வரை, நமக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நாமே எண் கொடுப்பது. 12, 13-இல் இருந்தால் எனக்குச் சரி. இந்த மாத்திரை போடுபவர்களுக்குத் துடிப்பு எண்ணைவிட இதுதான் நம்பகமானது என்றார்.

மாத்திரை ஏதும் இல்லாமலே துடிப்பு ஏறவில்லை, கூடவே தலைசுற்றல், நெஞ்சு இறுக்கம், சீக்கிரமே அயர்ச்சி என்றால் வாட்சோடு மல்லுக்கட்டாமல் இதய டாக்டரைப் பாருங்கள். ஏற வேண்டிய அளவுக்கு ஏறாத இதயமும் உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

தம்பிக்கு 38 வயது, மாத்திரை எதுவும் இல்லை. அவருக்கு இந்த வாட்ச் நன்றாகவே உழைக்கும், சென்சார் சரியாக இருக்கிறது, பேட்டரி நிற்கிறது, ஒன்பதாயிரம் நியாயமான விலை. இவ்வளவும் தெரிந்தும் "வேண்டாம் தம்பி" என்றுதான் சொன்னேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். ஒரு வரி கேட்டிருந்தால் அந்த இரண்டு நாள் மாத்திரையை நான் விட்டிருக்க மாட்டேன். அவர் அப்பாவும் பிபிக்கு மாத்திரை போடுகிறார், என்ன மாத்திரை என்று முதலில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் ஆறு மாதத்தில் புது மாடல் வாங்கி இதை அப்பா கையில் கட்டிவிடுவார்.