தடுப்பூசிப் பதிவேட்டில் தனியார் கிளினிக்கைச் சேர்க்க எது சரி: ஆணையா, பணமா, கூட இருந்து உதவுவதா?

பிரசவம் பரமக்குடியில், தாய் வீட்டில். பிறந்த அன்றே பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி மூன்றும் போட்டாகிவிட்டது. ஆறாவது வாரம் ராமநாதபுரம் டவுனில் குழந்தை டாக்டர் ஹெக்ஸாவேலன்ட் என்ற ஆறு நோய்க்கான கூட்டு ஊசி போட்டார். மூன்றாம் மாதம் தாயும் பிள்ளையும் தங்கச்சிமடத்துக்கு, புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த ஊசி போட வேண்டியவர் அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர். அவர் கையில் வாங்கிப் பார்க்கும் அட்டையில் ஆறாவது வாரக் கட்டம் காலி. ஊசி மருந்தின் ஸ்டிக்கர் கிளினிக் ஃபைலிலேயே இருக்கிறது. "போட்டாச்சு நர்சம்மா" என்கிறார் தாய். என்ன ஊசி என்று கேட்டால் பதில் இல்லை.

ஹெக்ஸாவில் டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்), ஹெபடைட்டிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமிக்கு எதிரானது), ஐ.பி.வி. (போலியோ ஊசி) நான்கும் அடக்கம். அது தெரிந்தால் செவிலியர், இதில் ஐ.பி.வி. தவிர மற்ற மூன்றும் உள்ள அரசு ஊசியான பென்டாவின் இரண்டாம் தவணையைப் போடுவார். தெரியாவிட்டால் முதல் தவணையிலிருந்து தொடங்குவார். பிள்ளைக்கு வேண்டாத ஒரு குத்து, கணக்கில் ஒரு தவணை பாக்கி.

இந்தக் காலிக் கட்டத்தை நிரப்ப மென்பொருளுக்குக் குறைவில்லை. கர்ப்பம் முதலே பதிகிற பிக்மி தமிழ்நாட்டில் பல வருடமாக ஓடுகிறது. மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவு மென்பொருளான யூ-வின் 2023 ஜனவரியில் மாநிலத்துக்கு இரண்டு மாவட்டம் என்று சோதனையாகத் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. ஊசி போடுகிறவர்கள் அன்றன்றே பதிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. மூன்றும் ஒரே எடை இல்லை.

ஆணை

ஆணை வேலை செய்யும் என்பதற்குச் சான்று நம்மிடமே உண்டு. பிறப்புச் சான்றுக்கு பிக்மி எண் கேட்கிறார்கள் என்றதும், பெரிய ஆஸ்பத்திரி சின்ன ஆஸ்பத்திரி எல்லாம் அந்த எண்ணை வாங்கி வைக்கப் பழகிவிட்டன. ஆனால் அங்கே சான்றிதழ் பெற்றோருக்கே தேவை. எண் எங்கே என்று அவர்களே வந்து நிற்பார்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு அப்படி வந்து கேட்க ஆளில்லை.

வெறும் ஆணை வந்தால் மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றுவார்கள். 4ஆம் தேதி போட்ட ஊசி 30ஆம் தேதி ஏறுகிறது. ஏற்றுகிறவர் தேதியைத் திருத்தாமல் அன்றைய தேதியிலேயே விட்டுவிட்டால், அடுத்த தவணைக்கான 28 நாள் இடைவெளி அங்கிருந்து எண்ணப்படும். உண்மையில் நாள் நிறைந்த பிள்ளை, திரையில் நாள் நிறையாத பிள்ளையாகத் தெரியும். செவிலியர் திருப்பி அனுப்புவார். மீன் கூடையோடு பஸ் ஏறி வந்த தாய் அடுத்த வாரமும் வருவார் என்று நம்ப முடியாது. பதிவே இல்லாததைவிட, தப்பான பதிவு இப்படிப் பெரிய கேடு செய்யும்.

பணம்

ஆஸ்திரேலியா 1996இல் குழந்தைகள் தடுப்பூசிப் பதிவேட்டைத் தொடங்கியபோது, தகவல் அனுப்பும் டாக்டர்களுக்குப் பணம் கொடுத்தது. பதிவேடு 2016இல் எல்லா வயதினருக்கும் விரிந்தது. பதிவைச் சட்டப்படி கட்டாயமாக்கியது 2021இல்தான். முதலில் பணம், பழகிய பிறகு கட்டாயம் என்ற அந்த வரிசை கவனிக்கத்தக்கது. ஆனால் அங்கே டாக்டர்களின் கட்டணத்தைப் பட்டுவாடா செய்த மருத்துவக் காப்பீட்டு அமைப்பே பதிவேட்டையும் நடத்தியது. தகவல் போகிற பாதையிலேயே பணமும் வந்தது.

கீழக்கரையிலோ தொண்டியிலோ இருக்கும் ஒற்றை டாக்டர் கிளினிக்குக்கு அப்படி ஒரு பாதை இல்லை. பதிவுக்கு இவ்வளவு என்று வைத்தால் பில், சரிபார்ப்பு, ஒப்புதல் என்று இழுக்கும். ஒரே பிள்ளை இரண்டு பெயரில் ஏறவும் அது வழிவிடும். பிறந்தபோது தாய் பெயரோடு 'குழந்தை' என்று பதிந்திருக்கும், பெயர் வைத்த பின் புதுப் பிள்ளையாக இன்னொரு முறை ஏறும். பணம் கொடுப்பதானால் பதிவுக்குக் கொடுக்க வேண்டாம். கிளினிக் உதவியாளர் பழகும் முதல் மூன்று மாதத்துக்கு, அவருடைய கூடுதல் நேரத்துக்குக் கொடுக்கலாம்.

கூட இருந்து உதவுவது

எங்கள் ஓட்டு இதற்குத்தான். மாவட்டத் தலைநகரில் ஒருநாள் பயிற்சி, டீ, வடை, கையேடு என்று முடிவது உதவி ஆகாது. அங்கே வருகிறவர் டாக்டர். கிளினிக்கில் தட்டச்சு செய்யப்போவது ரிசப்ஷனில் இருக்கும் பெண். அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஊசி போடும் நாளில் ஓர் ஆள் உட்கார வேண்டும். ஒரு நாள் போதாது, அடுத்தடுத்து நான்கு ஊசி நாட்களாவது வேண்டும்.

காலையில் ஃபிரிட்ஜ் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று குறிக்கும்போதே, அன்று எடுக்கும் மருந்துகளின் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிவிட வேண்டும். பிள்ளை வந்ததும் முதலில் தேடல்: பிக்மி எண், அது இல்லையென்றால் தாயின் போன் எண். தேடாமல் 'புதுப் பதிவு' அழுத்தக் கூடாது. இரட்டைப் பதிவு பிறப்பது அந்த இடத்தில்தான். தாயின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கீழக்கரையில் ஃபாத்திமாக்களும் தங்கச்சிமடத்தில் அந்தோணியம்மாள்களும் வரிசையாக வருவார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் பிள்ளையை உட்கார வைக்கிறோம் அல்லவா, பதிவை முடிக்க அந்த நேரம் தாராளம். ஒரு பிள்ளைக்கு 3 நிமிடம் என்றே வைத்தாலும் 20 பிள்ளைக்கு ஒரு மணி நேரம். இரவுக்குத் தள்ளினால் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் கிடைக்காது.

போன் எண்ணில் இந்தக் கடற்கரைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பல வீடுகளில் பதிந்திருப்பது அப்பாவின் எண். ராமேசுவரம் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள் திங்கள், புதன், சனி. துணை சுகாதார நிலையத்தில் ஊசி போடுவதும் புதன்கிழமை. ஆதார் ஓ.டி.பி.யும் நினைவூட்டல் குறுஞ்செய்தியும் நடுக்கடலில் சிக்னல் இல்லாத போனுக்குப் போகும். தாயின் எண், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் பாட்டியின் எண் என்று மாற்றிப் பதிய வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாவும் போனும் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் இந்தத் திருத்தத்தை முடித்துவிடலாம்.

டாக்டர்கள் தயங்கக் காரணங்கள் உண்டு, அதைச் சோம்பல் என்று தள்ளக் கூடாது. தன் நோயாளிப் பட்டியல் வெளியே போகிறது, நாளை ஆய்வுக்கு வருவார்கள் என்ற பயம் நியாயமானது. எதற்குப் பயன்படும், யார் பார்ப்பார்கள் என்பதை முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். கூடவே கைக்குப் பலனும் திரும்ப வர வேண்டும். 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் டி.பி.டி. பூஸ்டரையும் இரண்டாவது எம்.ஆரையும் (தட்டம்மை, ரூபெல்லா ஊசி) மறப்பவர்கள் அதிகம். அந்த வயதை எட்டிய தன் பிள்ளைகளின் பட்டியல் மாதம் முதல் தேதி கிளினிக்குக்குக் கிடைத்தால், டாக்டரே ஆள் விட்டுக் கூப்பிடுவார்.

செவிலியர்கள் பக்கம் குறை வேறு. ரெஜிஸ்டர், அட்டை, பிக்மி, யூ-வின் என்று ஒரே ஊசியை நான்கு இடத்தில் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஊக்கமும் ஆணையும் தேவையில்லை, இரண்டு இடத்தைக் குறைத்தால் போதும்.

ஆகவே தடைக்காலத்தில் உதவி ஆள், அதன்பின் மாதப் பட்டியல், ஒரு வருடம் ஓடிய பிறகு ஆணை. நடுவில் அளக்க வேண்டியது எத்தனை பதிவு ஏறியது என்பதை அல்ல. ஊசி போட்ட தேதியும் பதிவு ஏறிய தேதியும் எத்தனை பிள்ளைகளுக்கு ஒன்றாக இருக்கிறது என்பதை.