போர்மட் அடிக்கப் பெடியன் இல்லாத வீட்டில் மூன்றரை வருட லினக்ஸ்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது வழக்கமான பாதுகாப்பு அப்டேட், நின்றது. அதற்கு முன்னும் பின்னுமாக நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் லெப்டொப்பை சொப்பிங் பையில் போட்டுக்கொண்டே வந்துவிட்டார். "நீர் ஏதோ வேற ஒண்டு பாவிக்கிறீராமே, அதை எனக்கும் போட்டுத் தாரும்." நாலு பேருக்கும் ஒரே எரிச்சல்தான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்தை விண்டோஸ் 11 ஏற்க மாட்டேன் என்கிறது. இன்டெல் புரொசெசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 2016இல் வாங்கிய நல்ல லெப்டொப்பும் அந்த வாசலோடு நின்றுவிடும்.

அந்த "வேற ஒண்டு" லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளம். வந்த நால்வரில் இன்று லினக்ஸில் இருப்பவர் ஒருவர் மட்டும். அதுவும் நால்வரில் ஆகக் குறைவாகக் கோபப்பட்டவர். அவரிடம் பிறகு வருகிறேன், முதலில் என் கதை.

நான் மொழிபெயர்ப்பாளன். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வீடு. என் லெப்டொப் 2014இல் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கியது. நாலாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கடலின் உப்புக்காற்றில் யுஎஸ்பி துளைகள் துருவேறியதைத் தவிர அதற்கு வேறு நோய்நொடி இல்லை. அதிலிருந்த விண்டோஸ் கடையில் போட்டுத் தந்தது. லைசன்ஸ் உண்டா என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அதனால்தான் "லினக்ஸ் இலவசம், மாறுங்கள்" என்று யாராவது கொழும்பில் பிரசாரம் செய்தால் எனக்குச் சிரிப்பு வரும். இங்கே பல வீடுகளில் விண்டோஸும் இலவசம்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது இழுக்கத் தொடங்கும். ஒரு போன் அடித்தால் தெகிவளையிலிருந்து ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வருவான். தேத்தண்ணி குடித்துக்கொண்டே போர்மட் அடிப்பான், அதாவது டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடுவான், பாமினி எழுத்துருவைத் திரும்பப் போடுவான், காசை வாங்கிக்கொண்டு போவான். எட்டு வருடம் இப்படிப் போனது. அந்த எட்டு வருடமும் நான் பாவித்தது விண்டோஸையா அவனையா என்று கேட்டால், அவனைத்தான் என்று சொல்வேன்.

அப்புறம் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. என் பற்றரி தாங்குவது இருபது நிமிடம். ஏப்ரலில் ஒரு நாள் அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், பற்றரியும் செத்து, இரவு கரண்ட் வந்தபோது கறுத்த திரைதான் மிச்சம். பெடியனுக்கு வட்ஸ்அப்பில் அடித்தேன்.

"அண்ணை, நான் கட்டாருக்கு வந்து ரெண்டு கிழமை. அது இனிச் சரிவராது, புதுசு ஒண்டு எடுங்கோ."

அந்த வருடம் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். அதில் ஒருவன் என்னுடைய ஆள். புது லெப்டொப்பின் விலையை இரண்டு கடைகளில் கேட்டேன், மூன்றாவது கடைக்குள் போகவில்லை.

ஜூனில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 20.3ஐ ஏற்றினேன், எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான மேசையோடு (மேசை என்றால் திரையில் நாம் காணும் முகப்பு). கூடவே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். லினக்ஸ் ரசிகர்கள் சொல்லாமல் விடுகிற இடம் இதுதான். முன்பு நாலு நிமிடம் எடுத்த லெப்டொப் அரை நிமிடத்தில் எழும்பியதற்குப் பெரும்பங்கு அந்த எஸ்எஸ்டிக்கு. அதைப் போட்டிருந்தால் பழைய விண்டோஸும் ஓடியிருக்கும். பிறகு ராமை 8 ஜிபி ஆக்கினேன், ஏனென்றால் இருபது டப் திறந்த பிரவுசருக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான், எல்லா ராமையும் தின்றுவிடும்.

வைஃபை முதல் நாள் வேலை செய்யவில்லை. போனை யுஎஸ்பி வயரில் கொழுவி அதன் டேட்டாவில் டிரைவரை இறக்கினேன். இதைப் படித்துவிட்டு மாற நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: பென் டிரைவிலிருந்தே மின்டை ஓடவிட்டுப் பார்க்கலாம், டிஸ்க்கில் ஒன்றும் அழியாது. ஒரு முழுநாள் அப்படியே வைத்து வைஃபை, சத்தம், கமரா, பிரிண்டர் நாலையும் பாருங்கள். நான் பிரிண்டரைப் பார்க்காமல் விட்டேன். என்னுடைய பழைய லேசர் பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் என்று ஒன்று இருந்தது, அது சில நாள் அச்சடிக்கும், சில நாள் மாட்டாது. இரண்டு கிழமை மல்லுக்கட்டிவிட்டுக் கைவிட்டேன். இன்றைக்கும் பிடிஎஃபை போனுக்கு அனுப்பி, காலி வீதியில் போட்டோகொப்பிக் கடையில்தான் அச்செடுக்கிறேன்.

பாமினிக்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். இலங்கையில் தமிழ் தட்டுகிற எவரும் அதைத் தாண்டி வந்திருக்க முடியாது. கல்யாண அட்டை, மரண அறிவித்தல், பாடசாலை வினாத்தாள், கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினி. அது யூனிகோட் என்ற உலகப் பொது எழுத்துக் குறிமுறை இல்லை, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. "தமிழ்" என்ற சொல் கணினியின் கண்ணுக்கு ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எனக்கு வருகிற பழைய கோப்புகளில் பாதி இப்படித்தான். லினக்ஸில் இது திறக்குமா என்று பயந்துகொண்டிருந்தேன். எழுத்துருக் கோப்பை உரிய அடைவில் போட்டதும் வேர்டுக்குப் பதிலாக லினக்ஸில் இருக்கிற லிப்ரே ஒபிஸ் ரைட்டர் மறுபேச்சில்லாமல் காட்டியது. ஆனால் தட்டத் தொடங்கினால் "தமிழ்" என்பது "துமிழ்" ஆகிவிடுகிறது! வசனத்தின் முதல் எழுத்தை ரைட்டர் தானாகப் பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சிறிய ஜே "த", பெரிய ஜே "து". வேர்டிலும் இதே தொல்லை உண்டு, ஆனால் அங்கே அந்த வசதியைப் பெடியன் எப்போதோ நிறுத்திவைத்திருந்தான். எங்கே நிறுத்துவது என்று இங்கே நானே தேடிக் கண்டுபிடித்தேன்.

யூனிகோடில் தட்டுவதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி இருக்கிறது. தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகியவற்றோடு, இலங்கைத் தட்டச்சு ஒழுங்கைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையும் அதில் இருந்தது. அதைப் பார்த்ததும் வந்த சந்தோசத்தைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. உலகத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர் இலங்கைத் தமிழன் ஒருவனின் விரல்களை நினைத்து இதைச் சேர்த்திருக்கிறார். இருபத்தைந்து வருடம் பழகிய விரலுக்கு அதிலும் இரண்டொரு விசை இடறியது, ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

வேர்ட் கோப்புகளில் வருகிற சிக்கல் வேறு. மும்மொழி ஆவணங்களில் சிங்களம் இஸ்கோல பொத எழுத்துருவிலும் தமிழ் லதாவிலும் வரும். இரண்டும் விண்டோஸுக்குரியவை, மின்டில் இல்லை. அவற்றின் இடத்தில் லோகித் அல்லது நோட்டோ எழுத்துரு வந்து உட்காரும்போது எழுத்தின் அகலம் மாறி, அட்டவணைக்குள் இருந்த தமிழ் அடுத்த பக்கத்தில் வழியும். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, கலிப்ரிக்குப் பதில் அதே அகலத்தில் கார்லிட்டோ இருக்கிறது. தமிழுக்கு அப்படியொரு ஒட்டு எழுத்துரு என் கண்ணில் படவில்லை. ஆகவே பக்க அமைப்பு முக்கியமான வேலை என்றால், வாடிக்கையாளரிடமே கடைசியாக ஒருமுறை பார்க்கச் சொல்லிவிடுகிறேன். முன்பு மொழிபெயர்த்த வசனங்களைச் சேமித்துத் திரும்ப எடுத்துத் தருகிற மொழிபெயர்ப்பு நினைவகத்துக்கு ஒமேகாடி இருக்கிறது, இலவசம், எனக்குத் தாராளமாகக் காணும். அதே வேலைக்கு ட்ராடோஸ் என்ற மென்பொருளின் விண்டோஸ் பதிப்பைக் கேட்கிற நிறுவனங்களின் வேலையை நான் எடுப்பதில்லை. மூன்றரை வருடத்தில் அப்படி விட்டது இரண்டு வேலை.

மற்றபடி சொல்ல அதிகம் இல்லை. மின்ட் 21க்கும் பிறகு 22க்கும் ஏறினேன், ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து வருட ஆதரவு. ஒருமுறை மட்டும், எங்கோ படித்த கட்டளை ஒன்றை விளங்காமல் தட்டி, மேசையே வராமல் செய்துகொண்டேன். மின்டோடு வருகிற டைம்ஷிஃப்ட் என்ற கருவி முந்தின நாள் எடுத்துவைத்த இயங்குதளப் பிரதி என்னைக் காப்பாற்றியது. அன்றைக்குத்தான் பெடியன் இல்லாத வெறுமையை முழுசாக உணர்ந்தேன். இரவு பதினொரு மணி, காலையில் ஒப்படைக்க வேண்டிய கோப்பு உள்ளே, கேட்க ஆளில்லை.

கொழும்புக்கு லினக்ஸ் புதுசு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவு செய்ய இங்குள்ள தன்னார்வலர்கள் எழுதிய சகானா என்ற திறமூல (நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய) மென்பொருளுக்கு 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கொடுத்தது. கண்டிக்குப் பக்கத்து மலையின் பெயரில் ஹந்தான என்று நம் நாட்டுக்கே ஒரு லினக்ஸ் வந்தது. கொழும்பு மென்பொருள் நிறுவனங்களின் சேர்வர்கள் எத்தனையோ லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆனால் அங்கே வேலை செய்கிற பொறியியலாளர் வீட்டுக்கு வந்தால், அவருடைய அப்பாவின் மேசையில் விண்டோஸ்தான். 1991இல் பிறந்த லினக்ஸ், இணையப் பாவனையை அளக்கும் ஸ்டாட்கவுண்டரின் கணக்கில் உலக மேசைக் கணினிகளில் 4 சதவீதத்தைத் தொட்டது 2024 பெப்ரவரியில்தான். சேர்வர் படுத்துவிட்டால் எழுப்புவதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் இருக்கிறார். அப்பாவின் கணினிக்கு யார் இருக்கிறார்? பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பாடசாலைகள் லினக்ஸில் ஓடுகின்றன என்றால், அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை திரும்பிக் கேட்டால் பதில் சொல்ல வகுப்பிலேயே ஆள் இருந்தார்.

இனி அந்த நாலு பேர்.

கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணர் முதலாவது. அவருடைய முழுத் தொழிலும் பேஜ்மேக்கர் 7இல் இருக்கிறது, 2001இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள். இருபது வருடக் கல்யாண அட்டைகள் அந்தக் கோப்புகளில் தூங்குகின்றன. "எனக்கு விண்டோஸும் வேண்டாம் லினக்ஸும் வேண்டாம், பேஜ்மேக்கர் ஓடினால் காணும்" என்றார். அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றிவிட்டு, மின்னஞ்சலுக்குப் போனைப் பாவியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது என் பெறாமகன். அவன் வலரண்ட் என்ற கேம் விளையாடுகிறவன், அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது. பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மூன்றாவது ஆள்தான் ஆகக் கோபமாக வந்தவர், கணக்காளர் நண்பர் ஒருவர். "என்னை விட்டால் லினக்ஸுக்குக் கோயில் கட்டுவேன்" என்று அவர் கதைத்தார். நான் உதவிக்குப் போகுமுன்னே தானே ஒரு இரவில் ஏற்றியும்விட்டார். ஐந்து கிழமை தாக்குப்பிடித்தார். அவருடைய சம்பளப் பட்டியல் எக்செல் மேக்ரோவில், அதாவது தானாக ஓடும் கட்டளைகளில், கட்டியது, லிப்ரே ஒபிஸ் கல்க் அதில் பாதியைத்தான் புரிந்துகொண்டது. மாதக் கடைசியில் பழையபடி விண்டோஸ் 10. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைப் பிரதியெடுக்கச் சம்மதித்தால், காசில்லாமல் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். கோபம் ஆறிவிட்டது. அவரில் பிழை சொல்ல மாட்டேன், 25ஆம் திகதி சம்பளம் போட வேண்டிய மனிதர்.

நாலாவது, ஐந்தாம் மாடி மாமி. ரொரன்றோவில் மகன். ஸ்கைப்பை மூடியது அவருக்குப் பெரிய துக்கம், 2025 மே மாதத்திலிருந்து பிரவுசரில் வேறொன்றில் பேசுகிறார். அதைத் தவிர தேவாரப் பாட்டு, ராசிபலன், பத்திரிகை, மின்சார பில். எல்லாம் பிரவுசருக்குள் முடிந்துவிடும். இயங்குதளம் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேசையில் மூன்று படங்களைப் பெரிதாக வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதத்தில் என்னைக் கூப்பிட்டது நாலு தரம், அதில் இரண்டு தரம் கணினிக்கு ஒன்றுமில்லை, சுசியம் சுட்டிருந்தார்.

போன கிழமை போனபோது மின்டின் அப்டேட் கேடயம் செம்புள்ளியோடு நின்றது. அதை அமத்திவிட்டு, என்ன செய்தேன் என்று ஒரு கொப்பித் தாளில் தமிழில் எழுதி, திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வடிவாக வாசித்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, நீரும் கனடாவுக்குப் போட்டா இதை ஆர் பாக்கிறது?"

நான் எங்கேயும் போகவில்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுசியத் தட்டை என் பக்கம் தள்ளினார்.