கரண்ட் தரும், கதைக்காது: ஒரு யூபிஎஸ்ஸோடு மூன்று வருடம்

மல்லாவியில் கடை வைத்திருக்கும் நண்பன் போன கிழமை கேட்டான்: "மச்சான், உங்கட மில்லில நிக்கிற யூபிஎஸ் எப்பிடி? நானும் அதையே எடுக்கட்டோ?" கரண்ட் போனால் பற்றரியில் இருந்து கொஞ்ச நேரம் கரண்ட் தரும் பெட்டிதான் யூபிஎஸ். அன்றைக்குத்தான் அதன் பற்றரிகளைக் கழற்றி மாற்றியிருந்தேன். கையில் தூசி, மனதில் எரிச்சல். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1500 விஏ வலு, லைன் இன்டரக்டிவ் வகை (கரண்ட் ஏறி இறங்கினால் திருத்தும், போனால் பற்றரிக்கு மாறும்), உள்ளே 12 வோல்ட் 9 ஆம்பியர் அவர் பற்றரி இரண்டு. 2022 இல் வாங்கியது. அந்த வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டுக்குப் போனோமே, அந்தப் பயத்தில் வாங்கியது. பரந்தன் பக்கம் ஒரு நெல் ஆலையின் கணக்கெல்லாம் கிடக்கும் கணினி, அதாவது சேர்வர், என் பொறுப்பு. யார் எத்தனை மூடை கொண்டுவந்தார், ஈரப்பதன் எவ்வளவு, கழிவு எவ்வளவு, கொடுக்க வேண்டிய காசு எவ்வளவு என்பதெல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. காலபோக அறுவடையில் ஒரு பின்னேரக் கணக்கு அழிந்தாலும், ரசீதுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறவருக்கு என்ன பதில் சொல்வது?

கரண்ட் தரும் விஷயத்தில் இதைக் குறை சொன்னால் பாவம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்ட அன்று, சேர்வரையும் ரவுட்டரையும் அரை மணித்தியாலத்துக்குக் கிட்டத் தாங்கிப் பிடித்தது. பற்றரி இறங்க முதல் சேர்வர் தானாக எல்லாவற்றையும் மூடிவிட்டுப் படுத்தது. பின்னேரம் கரண்ட் வந்து போட்டபோது ஒரு எழுத்துப் பிசகவில்லை. அன்றைக்கு நண்பன் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன்.

என் பிரச்சினை யூபிஎஸ்ஸில் இருந்து சேர்வருக்குப் போகும் யூஎஸ்பி வயரில்தான்.

யூபிஎஸ்ஸுக்கு வேலை இரண்டு. ஒன்று கரண்ட் கொடுப்பது. மற்றது, "கரண்ட் போயிட்டுது, பற்றரியில நிக்கிறன், இனித் தாங்கமாட்டன்" என்று சேர்வருக்குச் சொல்வது. விற்கிறவர்கள் முதலாவதைத்தான் சொல்வார்கள், தரவைக் காப்பாற்றுவது இரண்டாவது. எங்கள் சேர்வரில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது, யூபிஎஸ்ஸோடு கதைப்பது நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருள். யூபிஎஸ்ஸின் நிலையை அது இரண்டு எழுத்தில் காட்டும். ஓஎல் என்றால் மெயின் கரண்டில் நிற்கிறது, ஓபி என்றால் பற்றரியில், எல்பி என்றால் பற்றரி முடியப்போகிறது. ஓபியும் எல்பியும் சேர்ந்து வந்தால் சேர்வர் மூடத் தொடங்கும். பெட்டியில் இருந்து பேச்சே வராவிட்டால் "டேட்டா ஸ்டேல்", அதாவது கையில் இருக்கும் தகவல் பழையது, என்று ஒரு வரி.

இந்த இடத்தை இதே வேலை பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டும். பற்றரியில் நிற்கும்போது தொடர்பு அறுந்தால், மென்பொருள் 15 செக்கன் பார்த்துவிட்டு, நிலைமை மோசம் என்று எடுத்துக்கொண்டு சேர்வரை மூடிவிடும். ஆனால் கரண்ட் இருக்கும்போது அறுந்தால் எச்சரிக்கை எழுதுவதோடு சரி, எதையும் மூடாது. அது நியாயம்தான். வயர் கழன்ற ஒவ்வொரு முறையும் சேர்வர் படுத்தால் வேலை நடக்குமா? 2023 காலபோகத்தில் எங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. பகலில் எப்போதோ தொடர்பு அறுந்திருக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. இரவு கரண்ட் போனது. சேர்வர் கடைசி நிமிடம் வரை எல்லாம் நலம் என்று நம்பியபடி ஓடி, அப்படியே செத்தது. காவலுக்கு நின்ற ஐயா காலையில் சொன்னார்: "தம்பி, ராத்திரி அந்தப் பெட்டி கத்திக் கத்திப் பிறகு அடங்கிப்போச்சு."

தரவுத்தளம் எழும்பவில்லை. முதல்நாள் எடுத்த பிரதியைப் போட்டு, மிச்சத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துத் தட்டினோம். இரண்டு பகல் போனது.

பிறகு காரணம் தேடத் தொடங்கினேன். அந்த மென்பொருளில் பெட்டியோடு நேரே பேசும் பகுதியான டிரைவரை நிறுத்தித் திரும்பப் போட்டால் சுகமாகிவிடும், ஒரு மணித்தியாலத்தில் திரும்ப அறும். இயங்குதளத்தின் அடிமட்டமான கேர்னல் எழுதும் பதிவைத் திறந்தால், யூஎஸ்பி கழன்றது என்று ஒரு வரி, அடுத்த வரியில் புதிய லோ ஸ்பீட் சாதனம் வந்தது என்று. ஒவ்வொரு முறையும் சாதன எண் ஒன்று ஏறும். காலையில் 4, பின்னேரம் 31. கழன்ற நேரங்களைக் கடதாசியில் எழுதிப் பார்த்தேன். ஆலை தொடங்கும் நேரம், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், தேத்தண்ணி முடிந்த நேரம்.

மோட்டர்க்கார அண்ணையைக் கூப்பிட்டேன். "அண்ணை, மோட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ."

"இப்ப போடட்டோ?"

"போடுங்கோ."

ஸ்டாட்டர் 'டக்' என்று விழுந்த அதே செக்கனில் திரையில் அந்த வரி ஓடியது. திரும்பப் போட்டார், திரும்ப ஓடியது. மூன்றாம் தரம் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் தரம் ஓடியது. அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த வயரை எங்கால இழுத்தனீர்?" என்று கேட்டார். பிழையை அவர் ஒரு கேள்வியில் பிடித்துவிட்டார்.

கந்தோருக்குள் சத்தமும் சூடும் வேண்டாம் என்று யூபிஎஸ்ஸை வெளியே நடையில் வைத்திருந்தேன். பெட்டியோடு வந்த ஒன்றரை மீற்றர் வயர் எட்டாது என்று 5 மீற்றர் பிரின்டர் வயர் வாங்கி, மோட்டருக்குப் போகும் மூன்று பேஸ் கேபிளோடு சேர்த்து வரிசையாகக் கட்டியிருந்தேன். கட்டியது நான்தான். மோட்டர் எழும்பும்போது அந்தக் கேபிளில் பாயும் கரண்ட் பக்கத்து வயரில் இரைச்சலைக் கிளப்பாமல் என்ன செய்யும்? அத்தோடு கேர்னல் ஒவ்வொரு தரமும் சொல்லிக்கொண்டிருந்த 'லோ ஸ்பீட்' என்ற சொல்லை நான் கவனிக்கவே இல்லை. யூஎஸ்பியில் 5 மீற்றர் என்ற கணக்கு ஃபுல் ஸ்பீடுக்கும் ஹை ஸ்பீடுக்கும். லோ ஸ்பீட் சாதனத்துக்கு 3 மீற்றர்தான் எல்லை.

யூபிஎஸ்ஸை சேர்வருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் சொந்த வயரையே போட்டு, முனையில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டி, சேர்வரின் முன்பக்க யூஎஸ்பி துளையில் இருந்து மதர்போட்டின் பின்பக்கத் துளைக்கு மாற்றினேன். பவர் கேபிளைத் தாண்டும் இடத்தில் குறுக்காக மட்டும் போகவிட்டேன். ஒரு நாளைக்கு இருபது தரம் கழன்றது, கிழமைக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. கழன்று வந்த பிறகும் டிரைவர் ஒட்டாமல் நின்றதற்குக் காரணம் வேறு: புது எண்ணோடு வரும் சாதனத்தைத் தொட டிரைவருக்கு அனுமதி இல்லை. சாதனம் வந்ததும் அனுமதி கொடுக்கும் யூடெவ் விதி ஒன்று எழுதியதும் அது சரியானது. யூஎஸ்பியைத் தூங்கவிடும் அமைப்பையும் நிறுத்தினேன்.

இது வரைக்கும் என் பிழை. இனி வருவது பெட்டியின் பிழை. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை அது கழலாமலே ஊமையாகிவிடுகிறது. மோட்டர் ஓடாத ஞாயிறிலும் நடந்திருக்கிறது. கேர்னலைக் கேட்டால் சாதனம் இருக்கிறது என்கிறது, யூபிஎஸ்ஸைக் கேட்டால் பதில் இல்லை. வயரைக் கையால் பிடுங்கிக் குத்தினால் பேசும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் துளையை நிறுத்தித் திருப்பிப் போட்டு, அதற்கும் சரிவராவிட்டால் என் கைத்தொலைபேசிக்குத் தகவல் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். தகவல் வந்தால் மோட்டர் சைக்கிளை எடுக்க வேண்டியதுதான். காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்கு இப்படிக் காவல் இருக்க வேண்டியிருப்பதுதான் எனக்குக் கோபம்.

இன்னொன்று. பற்றரி எத்தனை வீதம் என்று இது சொல்லாது, வோல்ட்டேஜை மட்டும் சொல்லும். டிரைவர்தான் 24 வோல்ட் தொகுதிக்கு 20.8 ஐப் பூச்சியமாகவும் 26 ஐ நூறாகவும் வைத்துக் கணக்குப் போடுகிறது. சார்ஜில் நிற்கும் பற்றரி எப்போதும் 27 காட்டும். ஆகவே செத்துக்கொண்டிருக்கும் பற்றரியும் நூறு வீதம்தான். போன கிழமை மூடியைக் கழற்றினால் இரண்டு பற்றரியும் வயிறு ஊதி, தட்டுக்குள் இறுகிப்போய் இழுக்க வரவில்லை. பக்கத் தகட்டின் ஆணியையும் கழற்றி, பின்னால் இருந்து தள்ளித்தான் எடுத்தேன். ஒன்றின் மூலை வெடித்து, வெள்ளையாகப் பூத்திருந்தது. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் இந்த வகைப் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பார்கள். தகரக் கூரைக்குக் கீழே மூன்று வருடம் நின்றதே பெரிய விஷயம். அதற்குப் பெட்டியைக் குறை சொல்லமாட்டேன். நூறு என்று காட்டியதற்குத்தான் சொல்கிறேன்.

கரண்டே இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. எங்கள் வீட்டில் அப்பா சுற்றுவார். கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இறங்கும். "அப்பா, இறங்குது" என்போம், அவர் வேகமாகச் சுற்றுவார். அந்தளவு பேச்சைத்தான் இந்தப் பெட்டியிடமும் எதிர்பார்த்தேன்.

நண்பனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் கடையில் மோட்டர் இல்லை, வயரும் ஒரு மீற்றருக்குள் முடியும், எனக்கு வந்த கரைச்சலில் பாதி அவனுக்கு வராமலே போகலாம் என்பதும் தெரியும். இருந்தும், புதுப் பற்றரி போட்டு, மூடியைப் பூட்டி, நிமிர்ந்து பார்த்தால் திரையில் "டேட்டா ஸ்டேல்". அதைப் பார்த்த கையோடு வாங்கு என்று எப்படிச் சொல்வது? யூஎஸ்பியை நம்பாமல் நெட்வேர்க் வயரில் பேச, நெட்வேர்க் கார்ட் போடக்கூடிய யூபிஎஸ்ஸாகப் பார், விலை கூடினாலும் பரவாயில்லை என்றேன்.

"அப்ப நீ ஏன் அதுக்குப் புதுப் பற்றரி போட்டனி?" என்று கேட்டான்.

சிறுபோக நெல் வரத் தொடங்கிவிட்டது. வயரைப் பிடுங்கிக் குத்தினேன், ஓஎல் என்று வந்தது. சுவர்ப் பிளக்கைக் கழற்றினேன், ஓபி என்று வந்தது. நாற்பது நிமிடம் பக்கத்திலேயே இருந்து, எல்பி வந்து சேர்வர் ஒழுங்காக மூடும்வரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.