ஏ.ஏ. கூட்டம் என்று சொல்லிப் பணம் கேட்டால் உள்ளே போகாதீர்கள்

குடியை விட நினைக்கிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதை முழுக்கப் படியுங்கள். ஏ.ஏ. என்பது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. மதுரையில் ஒரு தனியார் மறுவாழ்வு மையம் 'ஏ.ஏ. கூட்டம்' என்ற பெயரில் ஆள் பிடிக்கிறது. அங்கே மாட்டியது என் தம்பி.

தம்பிக்கு லேத் பட்டறையில் வேலை. "அக்கா, இனிமே என்னால முடியல, எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்று அவனாகவே கேட்டான். அந்த வார்த்தைக்காக அம்மாவும் நானும் எத்தனை வருஷம் காத்திருந்தோம் என்பது குடிகாரர் உள்ள வீட்டுக்காரர்களுக்குப் புரியும். பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸில் ஞாயிற்றுக்கிழமை ஏ.ஏ. கூட்டம் என்று போட்டிருந்தது. கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே மேசை போட்டு ஃபாரம் நீட்டினார்கள். ஆதார் ஜெராக்ஸ், வேலை பார்க்கும் இடம், முதலாளி நம்பர், அப்புறம் பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். ரசீது கேட்டதற்கு, "அப்புறம் தர்றோம்மா, உள்ள போங்க" என்றார்கள். இன்று வரை தரவில்லை.

உண்மையான ஏ.ஏ., அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-ல் அமெரிக்காவில் குடியால் அழிந்துகொண்டிருந்த இரண்டு பேர் தொடங்கியது. ஒருவர் பங்குச்சந்தையில் வேலை பார்த்தவர், இன்னொருவர் டாக்டர். அதில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம், சந்தா எதுவும் கிடையாது. கூட்டத்தில் சுற்றி வரும் பையில் உறுப்பினர்கள் விருப்பப்பட்டதைப் போடுவார்கள், போடாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். எந்த மருத்துவமனைக்கும் மையத்துக்கும் தங்கள் பெயரைக் கொடுப்பதில்லை என்பது அவர்களுடைய மரபு. அதைவிட முக்கியம், யார் வந்தார்கள் என்பது வெளியே போகக் கூடாது. பெயரிலேயே 'அனானிமஸ்', அதாவது 'பெயர் வெளியிடாதவர்', என்று இருப்பது அதனால்தான்.

இங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? தம்பியை மேடைக்குக் கூப்பிட்டு, "இன்று முதல் குடியை விட்ட சகோதரர்" என்று மைக்கில் சொல்லி, பொன்னாடை போர்த்தி, மையத்தின் பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். ஒருவர் வந்து தாடையைத் தொட்டு நிமிர்த்தி, "கேமராவைப் பாருங்க" என்றார். அன்று சாயங்காலமே அந்தப் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போய்விட்டது. மறுநாள் பட்டறையில் எல்லார் போனிலும் இருந்தது. அவன் வேலைக்குப் போகாமல் நேராக டாஸ்மாக் போனான். எனக்கு மனசு ஆறவே இல்லை. தானாகத் திருந்த வந்தவனை ஊர் பார்க்க நிறுத்தி விளம்பரம் தேடியிருக்கிறார்கள்.

அத்தோடு விடவில்லை. மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் என்று ஒருவர் தினமும் போன் செய்தார். "45,000 கட்டுங்க, ராத்திரி நாலு பசங்களை அனுப்பித் தூக்கிட்டு வந்துடுறோம். உங்க கையெழுத்து மட்டும் போதும்." அது போதாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயாளிகளுக்கும் பொருந்தும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநலத் துறை சார்ந்தவரோ தனித்தனியாகப் பரிசோதித்துச் சொன்னால்தான் சம்மதமில்லாத ஒருவரைச் சேர்க்க முடியும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அதற்கு முன்பே அம்மாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார்கள். "சாம்பார்ல கலந்து குடுங்க, அவருக்குத் தெரிய வேண்டாம்." மேலே பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் வெள்ளைப் பொடி. நல்லவேளை, அம்மா என்னிடம் காட்டினார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் கோபப்பட்டுவிட்டார். அந்தப் பொடி என்னவென்று தெரியாது, ஆனால் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து உண்டு. அதைச் சாப்பிடுகிறவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கும். நோயாளிக்குச் சொல்லி, அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் கொடுப்பார்கள். தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள், அது சித்த மருந்து என்று சொன்னாலும் சரி.

இன்னொன்று. தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். முதலில் டாக்டர், அப்புறம்தான் கூட்டம்.

இப்போது தம்பி அரசு மருத்துவமனை மருந்தோடு உண்மையான ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறான். அங்கே பெயரின் முதல் பாதியைச் சொன்னால் போதும். பை வந்தபோது பக்கத்தில் இருந்தவர், "புதுசா வந்தவங்க போட வேண்டாம் தம்பி" என்று அதை நகர்த்திவிட்டாராம். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, நான் அதற்குப் போகிறேன். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446-க்கு அழையுங்கள். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண் அது.

மையத்தின் மேல் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பொட்டலத்தையும் ஸ்டேட்டஸ் ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அன்று அந்த மேடையில் இன்னும் சிலருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அவர்கள் வீட்டில் யாராவது இதைப் படித்தால், நீங்களும் புகார் கொடுங்கள்.