கொய்யாவுக்கு வலையா, உறையா?

வீட்டுக் கொய்யாவைப் பறவை, வௌவால், பழ ஈயிடமிருந்து காக்க மரத்தோடு வலையால் மூடுவதா, காய்க்குக் காய் உறை மாட்டுவதா என்று பலர் குழம்புகிறார்கள்.

செலவு: வலைக்கு முதலில் நிறையப் போகும், ஆனால் சில பருவம் உழைக்கும். பழைய வேட்டியில் தைத்த உறைக்குக் காசே வேண்டாம். காகித உறை மழைக்குத் தாங்காது.

வேலை: வலையை ஒரே மூச்சில் போட்டுவிடலாம். உறையை ஒவ்வொரு காயிலும் கட்ட வேண்டும், அதுவும் காய் முற்றுவதற்கு முன்பே.

பாதுகாப்பில்தான் பெரிய வித்தியாசம். பறவை வலையின் கண் வழியே பழ ஈ (காய்க்குள் முட்டையிடும் ஈ) தாராளமாக நுழையும். கொசுவலை போல நெருக்கமான கண் இருந்தால் தடுக்கும். ஆனால் பூக்கும்போது அப்படி மூடினால் தேனீ வராது. பிஞ்சு பிடித்தபின் மூடுங்கள். அதற்கு முன் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிவிடுங்கள். அவற்றிலுள்ள புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாக இருந்தால், ஈ வலைக்குள்ளேயே கிளம்பும். இன்னொன்று, தளர்ந்து தொங்கும் வலையில் பாம்பும் வௌவாலும் சிக்கிச் சாகின்றன. தயவுசெய்து இழுத்துக் கட்டுங்கள். உறையில் இந்த ஆபத்து இல்லை. பழ ஈயையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் அணில் துணியைக் கடித்துவிடும்.

கைக்கெட்டும் மரம், பழ ஈதான் தொல்லை என்றால் உறை. கிளியும் வௌவாலும் மொய்க்கும், காய் ஏராளம் என்றால் வலை.